எல்லாத்துக்கும் முதல் பட்டன்

— கதவைச் சாத்திட்டு வாம்மா ஜிபார். நல்லா அழுத்திச் சாத்து, குளிர் வருது. இப்ப சொல்லு, அந்த ஒருத்தர் யாரு?

— என்ன அகாய், வந்ததும் வராததுமா? எந்த ஒருத்தர்?

— தெரியாத மாதிரி நடிக்காதே. கல்வி ஆபீஸ்லேர்ந்து போன் வந்தப்ப ஸ்டாஃப் ரூமே இந்தக் கதவுல காதை வெச்சுக்கிட்டு நின்னுச்சு. போன வாரம் போன்ல அனுப்பினாங்களே, ஆன்லைன் சர்வே. நம்ம ஸ்கூல்லேர்ந்து அறுபத்திரெண்டு பேர் பதில் போட்டிருக்கோம். அறுபத்தொரு பேர் ஒரே மாதிரி. ஒருத்தர் மட்டும் வேற மாதிரி. "உங்க ஸ்கூல் விசித்திரமா இருக்கே, ஜோல்டோஷ் அகாய்"னு, ஐயா பட்டம் குறையாம, அந்தப் பொடிப்பய கேக்கறான். இருபத்தேழு வருஷமா நான் இங்க ஹெட்மாஸ்டர். ஒருத்தனும் என்னை விசித்திரம்னு சொன்னதில்லை.

— அறுபத்தொண்ணு ஒரே மாதிரின்னா அது பெருமைதானே?

— பெருமைதான். யார் இல்லைன்னு சொன்னா? ஸ்டாஃப் மீட்டிங்ல நான் என்ன சொன்னேன்?

— எல்லாத்துக்கும் முதல் பட்டன். முழுக்க ஒத்துக்கறேன், முழுக்க ஒத்துக்கறேன், முழுக்க ஒத்துக்கறேன். படிச்சு நேரத்தை வீணாக்காதீங்க. கடைசியில "நன்றி"ன்னு ஒரு பக்கம் வரும், அதைப் படம் பிடிச்சு குரூப்ல போடுங்க. பன்னெண்டு மணிக்குள்ள.

— அத்தனை பேரும் போட்டாங்களா?

— பதினொண்ணே காலுக்கே முடிஞ்சுது. மாவட்டத்துலயே நாமதான் முதல்.

— அப்ப அந்த ஒருத்தரும் "நன்றி" படம் போட்டிருக்கார்! பாரு அக்கிரமத்தை. என் கண்ணு முன்னாடி நன்றி, முதுகுக்குப் பின்னாடி குத்து. இந்தா, ஆபீஸ்லேர்ந்து அனுப்பின தாள். நான் சரித்திர வாத்தியார், இந்தக் கட்டமும் எண்ணும் பாத்தா எனக்குத் தலை சுத்துது. நீ கணக்கு வாத்தியார். கண்டுபிடி.

— இந்த மாதிரி சர்வேல பேர் இருக்காது அகாய். யாருக்கும் தெரியாதுங்கற தைரியத்துலதான் ஜனங்க மனசுல இருக்கறதைச் சொல்லுவாங்கன்னு ஒரு நம்பிக்கை.

— யாருக்கும் தெரியாதுன்னா வெளியாளுக்குத் தெரியாதுன்னு அர்த்தம். நான் வெளியாளா?

— அது சரி. கண்டுபிடிச்சா என்ன பண்ணப்போறீங்க?

— "என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விடுகிறேன்." காகிதம் அடிச்சு வெச்சாச்சு. பேரும் கையெழுத்தும்தான் பாக்கி.

— டிசம்பர் மாசத்துலயா?

— எல்லா மாசத்துலயும் சொந்த விருப்பம் வரும். ஸ்கூல் வீட்டுல இருக்கறவங்களா இருந்தா வீட்டையும் விடணும். வேலைக்குத்தானே வீடு? ஆமா, நீ இன்னும் அந்தப் பழைய ஹாஸ்டல் ரூம்லதானே இருக்கே? குழந்தைக்கு இருமல் எப்படி?

— சுவத்துல உள்பக்கம் பனிக்கட்டி படிஞ்சிருக்கு அகாய். காலையில எழுப்பறப்ப அவ தலைமுடியெல்லாம் வெள்ளையா இருக்கு.

— உன் வீட்டுக்காரன் மாஸ்கோலேர்ந்து ஏதாவது?

— போன வருஷம் ஒரு போட்டோ அனுப்பினார். பின்னாடி நின்ன பொம்பளை யாருன்னு கேட்டேன். அதுக்கப்புறம் போட்டோவும் இல்லை.

— பாவம். அதனாலதான் சொல்றேன், மகளே. யாராவது போனா ஒரு வீடு காலியாகும். ரெண்டு ரூம், பெரிய அடுப்பு, ஸ்கூல் நிலக்கரி. நான் வாய்ப்பேச்சுக்குச் சொல்லலை.

— குடுங்க அந்தத் தாளை.

— அப்படி வா வழிக்கு. டீ ஊத்தட்டுமா?

— ஊத்துங்க. முதல் பக்கம், பதில் போட்டவங்க யாரு, எவருங்கற விவரம். ஆணா பெண்ணா, வயசு, எத்தனை வருஷ சர்வீஸ், என்ன பாடம், எத்தனை குழந்தை. அறுபத்தொரு பேர்... ஐயோ!

— என்ன?

— சிரிப்பு வருது அகாய். கோவிச்சுக்காதீங்க. நம்ம ஸ்கூல்ல அறுபத்தொரு பேர் ஆம்பளைங்களாம்! எல்லாருக்கும் வயசு இருபத்தஞ்சுக்குள்ளயாம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலையாம். எல்லாரும் ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாராம். ஒருத்தருக்கும் குழந்தை கிடையாதாம். பன்னெண்டு பேரன் பேத்தி எடுத்த நம்ம மூத்த அக்கா சோனுன் எஜே உள்பட.

— அது எப்படி? நம்மகிட்ட ஆம்பளைங்களே ஏழு பேர்தானே?

— எல்லாத்துக்கும் முதல் பட்டன்னு நீங்கதானே சொன்னீங்க? ஆணா பெண்ணான்னு கேட்டா முதல் பட்டன் ஆண். குழந்தை எத்தனைன்னு கேட்டா முதல் பட்டன் இல்லை. சொன்னதை அப்படியே செஞ்சிருக்கோம். நானும் ஆம்பளைதான் அகாய். எனக்கும் குழந்தை இல்லை, இருமலும் இல்லை.

— இதுக்குப் பேர்தான் ஒழுங்கு. பக்கத்து ஊர் ஸ்கூல்ல இப்படி ஒருத்தனைச் செய்ய வெக்க முடியுமா? அறுபது வயசுக்காரி தன்னை இருபத்தஞ்சுன்னு போட்டா யாருக்கு நஷ்டம்?

— அவங்களுக்குச் சந்தோஷம்தான்.

— சிரிச்சது போதும். அந்த ஒருத்தர்?

— அதுக்குக் கணக்கே வேண்டாம். இவங்க மட்டும்தான் படிச்சுட்டுப் பதில் போட்டிருக்காங்க. பெண். நாப்பத்தஞ்சுக்கும் அம்பத்தஞ்சுக்கும் நடுவுல. சர்வீஸ் இருபது வருஷத்துக்கு மேல. பாடம் உயிரியல். குழந்தைங்க...

— ஏன் நிறுத்திட்டே?

— ஆறு.

— ஆறா? அப்ப பூருல்தானா?

— கணக்குப்படி அப்படித்தான் வருது. நான் சொல்லலை அகாய். தாள் சொல்லுது.

— பூருலா! ரெண்டு வருஷம் முன்னாடி அவ புருஷன் செத்தப்ப முற்றத்துல கம்பளிக் கூடாரம் போட்டது யாரு? நான். சாவு விருந்துக்குக் குதிரை அறுத்தது யாரு? நான். மூணு நாள் ஊரே தின்னுச்சு. இன்னும் அந்த ஸ்கூல் வீட்டுல அவளையும் ஆறு வாயையும் வெச்சுக்கிட்டிருக்கறது யாரு?

— இருங்க அகாய். ரெண்டாம் பக்கம் பாத்தா, பதினாறு கேள்வி வரைக்கும் அவங்களும் எல்லாரையும் போல ஒண்ணுதான் போட்டிருக்காங்க. பதினேழுல மட்டும்தான் மாத்தி. அறுபத்தொரு பேர் ஒண்ணு, முழுக்க ஒத்துக்கறோம். இவங்க அஞ்சு, கொஞ்சமும் ஒத்துக்கலை.

— அஞ்சு! ரெண்டு இல்லை, மூணு இல்லை, கொஞ்சமும் ஒத்துக்கலையாம்!

— பதினேழாவது கேள்வி என்னன்னு இந்தத் தாள்ல இல்லை. எண்ணு மட்டும்தான் இருக்கு. லிங்க் இன்னும் என் போன்ல இருக்கும். தேடிப் பாத்துட்டு, அப்புறமாக் கூப்பிட்டா...

— கேள்வி எதுக்கு? ஊரே ஒத்துக்கிட்டதை இவ ஒத்துக்கலை. இதுக்கு மேல என்ன தெரியணும்?

— இல்ல, ஒரு தடவை பாத்துட்டு...

— ஜிபார், உனக்குக் கேள்வி வேணுமா, வீடு வேணுமா?

— ...எட்டாவது கிளாஸ்ல இருக்காங்க. கூட்டிட்டு வரேன்.

— கூப்பிட்டீங்களாமே அகாய். பசங்க தவளையைப் பிரிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. அஞ்சு நிமிஷத்துல போகணும்.

— தவளை எங்கயும் ஓடிடாது பூருல். வேண்டாம், உக்காராதே, நின்னுக்கிட்டே பேசலாம். பிள்ளைங்க ஆறு பேரும் சுகமா?

— உங்க தயவுல.

— தயவுன்னு வாய் சொல்லுது. விரல் என்ன சொல்லுச்சு?

— புரியலையே.

— போன வாரம் வந்த சர்வே. பதினேழாவது கேள்வி. எந்தப் பட்டனை அழுத்தினே?

— அது ரகசியம்னு முதல் பக்கத்துல எழுதியிருந்துச்சே?

— கேட்டியா ஜிபார்! எழுதியிருந்துச்சாம். படிச்சிருக்கா! ஏம்மா, உன்னை யார் படிக்கச் சொன்னா?

— கேள்வின்னு வந்தா படிக்காம எப்படி அகாய் பதில் சொல்றது? உள்ளதைச் சொல்லணும்னா, எனக்கு அது வரலை. பசங்க பரீட்சைத் தாளைக்கூட நான் படிக்காம மார்க் போட்டதில்லை.

— இது பரீட்சை இல்லை, சர்வே. மேல இருக்கறவன் "சந்தோஷமா இருக்கீங்களா"ன்னு கேப்பான், கீழ இருக்கறவன் "ரொம்பச் சந்தோஷம்"பான். ரெண்டு பேரும் நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க. நீ நடுவுல பூந்து படிக்கறே.

— அந்தப் பதினேழாவது கேள்வி என்னன்னா...

— நான் கேள்வியைக் கேட்டேனா? பட்டனைக் கேட்டேன்.

— அஞ்சு.

— ஒத்துக்கிட்டா. குறிச்சுக்க ஜிபார்.

— ஆனா ஏன் அஞ்சுன்னா, அது உங்களைப் பத்தி...

— என்னைப் பத்தி! தானா வருது பாரு வாயில. என்னைப் பத்திக் கேட்டதுக்கு ஸ்கூலே ஒண்ணு போடுது, இவ அஞ்சு போடறா. அன்னிக்குத் தின்ன குதிரைக்கறி செரிச்சுப் போச்சு, இல்ல?

— குதிரைக்கறியை நான் மறக்கலை அகாய். அதை நினைச்சுத்தான் அஞ்சை அழுத்தினேன்.

— கேட்டியா! முகத்துக்கு நேரா சொல்றா!

— எஜே, விடுங்க எஜே. எதிர்ப்பேச்சு வேண்டாம். அகாய் கோவத்துல இருக்கார்.

— நீதான் கண்டுபிடிச்சியா ஜிபார்?

— கணக்கு எஜே... குழந்தை ஆறுன்னு நிஜத்தைப் போட்டுட்டீங்க. இல்லைன்னு போட்டிருந்தா யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது.

— பெத்த பிள்ளைங்களை எப்படிடி இல்லைன்னு போடறது?

— நாங்கல்லாம் போட்டோமே.

— போதும் ரெண்டு பேரும். பூருல், இந்தா காகிதம். "என் சொந்த விருப்பத்தின் பேரில்." கீழ கையெழுத்து.

— ...அகாய், விளையாடறீங்களா?

— நான் உன்கூட என்னிக்கு விளையாடியிருக்கேன்?

— வீடு?

— வேலை இல்லாதவளுக்கு ஸ்கூல் வீடு எதுக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிக் குடு.

— வெளியில மைனஸ் இருபத்தெட்டு டிகிரி குளிர் அகாய். சின்னவளுக்கு நாலு வயசு. என் அண்ணன் வீடு மலைக்கு அந்தப் பக்கம், வழி மூடி ஒரு மாசம் ஆச்சு. ஆறு பேரையும் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?

— அஞ்சை அழுத்தறப்ப ஆறு ஞாபகம் வந்திருக்கணும்.

— கால்ல விழணும்னா விழறேன். ஆனா நான் தப்பு பண்ணலை. அந்தக் கேள்வியை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீங்க...

— நீயாக் கையெழுத்துப் போடறியா, இல்ல ஒழுங்கீனம்னு எழுதி நான் அனுப்பட்டுமா? அப்படி எழுதினா இந்த மாவட்டத்துல எந்த ஸ்கூல்லயும் உன்னைக் கூட்டறதுக்குக்கூடச் சேர்க்க மாட்டாங்க. யோசிச்சுக்க. உன் சொந்த விருப்பம்தான்.

— பேனா குடு ஜிபார்.

— இந்தக் கோட்டுக்கு மேல எஜே.

— இரு, படிச்சுக்கறேன்.

— பாரு, இன்னும் திருந்தலை!

— படிச்சாச்சு. போட்டுட்டேன். வீடு உனக்கா ஜிபார்?

— எஜே, நான் கேக்கலை. அகாய்தான்...

— அடுப்புல இடது பக்கம் ஒரு செங்கல் ஆடும். அனல் அது வழியா வரும், குழந்தையை அந்தப் பக்கம் விட்டுடாதே. நான் போய்த் தவளையை மூடிட்டுக் கிளம்பறேன் அகாய். பசங்க அப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்க.

— போயிட்டாளா?

— போயிட்டாங்க.

— எவ்வளவு திமிர் பாத்தியா? ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை.

— விட்டிருந்தா மன்னிச்சிருப்பீங்களா?

— இல்லை. ஆனா எனக்கு மனசு ஆறியிருக்கும். ஏன் டீயைக் குடிக்காம வெச்சிருக்கே? ஆறிப்போச்சு பாரு. குடிச்சுட்டு ஆபீஸுக்கு ஒரு விளக்கம் எழுது. "பதினேழாவது கேள்விக்கு மாறாகப் பதில் அளித்த ஆசிரியை விலகிவிட்டார். பள்ளியில் இனி மாற்றுக் கருத்து இல்லை." சுருக்கமா, அழகா.

— என்ன விஷயத்துல மாறாகச் சொன்னாங்கன்னு எழுதணுமே அகாய்.

— அதுவும் சரிதான். அந்த லிங்க்கைத் தொற.

— தொறந்துட்டேன். "பள்ளிக்கூடம் போதிய அளவு சூடாக இருக்கிறது." "தலைமையாசிரியர் என்னை மரியாதையாக நடத்துகிறார்." எல்லாம் உங்களைப் புகழறதுதான். பதினஞ்சு... பதினாறு...

— பதினேழு?

— அகாய், கொஞ்சம் உக்காருங்க.

— உக்காந்துதானே இருக்கேன். படி.

— "எங்கள் தலைமையாசிரியர் ஆசிரியர்களைத் தன் சொந்த வேலைகளுக்குப் பயன்படுத்துகிறார். தோட்டம், ஆட்டு மந்தை, வீட்டு விசேஷம் முதலியன." ஒண்ணு, முழுக்க ஒத்துக்கறேன். அஞ்சு, கொஞ்சமும் ஒத்துக்கலை.

— இன்னொரு தடவை.

— இன்னொரு தடவை படிச்சாலும் அதேதான் அகாய். அறுபத்தொரு பேர் முழுக்க ஒத்துக்கிட்டிருக்கோம்.

— பாவிப்பய! பதினாறையும் நல்லதாக் கேட்டுட்டு பதினேழை ஏன் குப்புறத் திருப்பிப் போட்டான்?

— அது வேணும்னே போடறது. படிச்சுப் பதில் சொல்றாங்களா, கண்ணை மூடிக்கிட்டு அழுத்தறாங்களான்னு பாக்க நடுவுல ஒண்ணை இப்படி மாத்திக் கேப்பாங்க. படிக்கறவங்க விரல் அந்த இடத்துல நின்னு வேற பட்டனுக்குப் போகும். மத்தவங்க விரல் போற போக்குல போயிடும். காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க.

— காலேஜ்ல படிச்சவ மீட்டிங்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

— நான் எங்க அகாய் கேள்வியைப் படிச்சேன்? பதினேழு அழுத்து, நாப்பது செகண்டு.

— நான்தான் எல்லாருக்கும் முன்னாடி போனைத் தூக்கிப் பிடிச்சு முதல்ல அழுத்திக் காட்டினேன். எப்படி அழுத்தணும்னு பாருங்கன்னு.

— அப்ப நீங்களும் முழுக்க ஒத்துக்கிட்டீங்க.

— வாயை மூடு. உருளைக்கிழங்கு தோண்டினது ஒரு உதவி. ஆட்டுக்கு மயிர் வெட்டினது ஒரு உதவி. மனுஷனுக்கு மனுஷன் செய்யறது.

— அப்படியே வெச்சுக்கங்க. செப்டம்பர்ல உங்க பையன் கல்யாணத்துல நாங்க பதினெட்டு பேர் மூணு நாள் வாய்க்கால்ல உக்காந்து ஆட்டுக்குடல் கழுவினோம். பூருல் எஜே எனக்குப் பக்கத்துல. தண்ணி அப்படி ஜில்லுன்னு இருந்துச்சு, அவங்க கை வெடிச்சு ரத்தம் வந்துச்சு. அந்தக் கையாலதான் அகாய் அஞ்சை அழுத்தியிருக்காங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு.

— பொய் சொல்லியிருக்கா.

— உங்களுக்காக. அந்தக் குதிரைக்காக. அதைத்தான் சொல்ல வந்தாங்க, நீங்க சொல்ல விடலை. அறுபத்திரெண்டு பேர்ல உங்களைக் காப்பாத்தினது அவங்க ஒருத்தர்தான்.

— ம்.

— ஓடிப்போய்க் கூட்டிட்டு வரட்டுமா? வீடு பக்கத்துலதானே. காகிதம் இன்னும் மேஜை மேலதான் இருக்கு. ரெண்டாக் கிழிச்சா முடிஞ்சுது. எனக்கு வீடு வேண்டாம் அகாய், நிஜமாத்தான் சொல்றேன்.

— இரு. போன். ஆபீஸ்தான்... ஆங், ஜோல்டோஷ் பேசறேன். சொல்லுங்க, சொல்லுங்க... ஆமா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்... இல்லை இல்லை, அது வந்து... ஹி ஹி, ஆமா, எல்லாரும் இளைஞருங்கதான்... விசாரணைக்கா? எதுக்கு விசாரணை?... சரி. இன்னிக்கேவா?... நாலு மணிக்குள்ள. எல்லாரும் போடுவாங்க. என் ஸ்கூலைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?... சரி. வெச்சிடறேன்.

— என்னவாம்?

— முதல்ல சிரிச்சான். அறுபத்தொரு இளைஞருங்களையும் ராணுவத்துக்கு அனுப்பலாமாம். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டான். புது லிங்க் ஒண்ணு அனுப்பறானாம். அதுல வர்ற பதிலைப் பாத்துட்டு, என் மேல விசாரணை வெக்கறதா இல்லையான்னு முடிவு பண்ணுவாங்களாம்.

— வந்துருச்சு. மூணே கேள்விதான். "பதினேழாவது கேள்விக்கு நீங்கள் அளித்த பதில் உண்மையா?" ஒண்ணு ஆமாம், ரெண்டு இல்லை. "அப்படி அழுத்தும்படி யாராவது உங்களிடம் சொன்னார்களா?" ஒண்ணு ஆமாம், ரெண்டு இல்லை. "சொன்னவர் யார்? பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவும்." நம்ம ஸ்டாஃப் எல்லார் பேரும் வரிசையா இருக்கு.

— முதல் பேர் யாரு?

— நீங்கதான்.

— அப்ப இந்தத் தடவை முதல் பட்டன்னு சொல்லிடாதே!

— ரெண்டாவது கேள்விக்கு இல்லைன்னு போடச் சொல்லலாமே. யாரும் சொல்லலை, கை தவறிடுச்சுன்னு.

— அறுபத்தொரு கை ஒரே நேரத்துல தவறுமா? அம்பத்துநாலு பொம்பளைங்க யாரும் சொல்லாமலே ஆம்பளையாயிட்டாங்களா? அந்தப் பய முட்டாள் இல்லை. அவனுக்கு ஒரு பேர் வேணும். பட்டியல்ல பூருல் எத்தனாவது?

— அகாய்...

— எத்தனாவதுன்னு கேட்டேன்.

— இருபத்துமூணு. ஆனா அவங்கதான் அஞ்சு போட்டவங்க. மத்தவங்களை ஒண்ணு போடச் சொன்னது அவங்கதான்னா யார் நம்புவாங்க?

— ஏன் நம்ப மாட்டாங்க? அறுபத்தொரு பேரையும் எனக்கு எதிராத் தூண்டிவிட்டா. தான் மட்டும் நல்ல பிள்ளையா அஞ்சு போட்டுக்கிட்டா. மாட்டிக்குவோம்னு தெரிஞ்சதும் தானே வேலையை விட்டுட்டா. இதோ, அவ கையெழுத்து. குத்தம் பண்ணாதவ டிசம்பர்ல வேலையை விடுவாளா?

— அரை மணி முன்னாடி நீங்கதான் விட வெச்சீங்க.

— அது இந்த ரூம்ல இருக்கற ரெண்டு பேருக்குத் தெரியும். அறுபது பேர் சேர்ந்து ஒரு பேரைச் சொன்னா அதுதான் நடந்தது. இல்லைன்னா எதுக்கு சர்வே வெக்கறான்?

— அவங்களை வேலையிலயே வெச்சுக்கிட்டா உங்களுக்குச் சாட்சி சொல்லுவாங்க அகாய். அஞ்சு போட்ட ஒரே ஆளு.

— சொல்லுவா. அழகாச் சொல்லுவா. அப்புறம் அவன் "மத்தவங்க ஏன் ஒண்ணு போட்டாங்க"ன்னு கேப்பான். "மீட்டிங்ல அகாய்தான் போனைத் தூக்கிப் பிடிச்சுக் காட்டினார்"னு அதையும் உள்ளபடி சொல்லுவா. எனக்காக ஒரு தடவை பொய் சொன்னவ ரெண்டாந்தடவையும் சொல்லுவான்னு என்ன நிச்சயம்? படிக்கற ஆளை வெச்சுக்கிட்டு ஸ்கூல் நடத்த முடியாது மகளே.

— ஆறு குழந்தைங்க அகாய்.

— உனக்கு ஒண்ணுதான். அதுவாவது பிழைக்கட்டும். என் மேல விசாரணை வந்தா புது ஹெட்மாஸ்டர் வருவார். புது ஹெட்மாஸ்டருக்கு உன் பேர் தெரியாது, உன் குழந்தை இருமறது கேக்காது.

— அதுல சின்னவளுக்கு நாலு வயசு...

— அழறியா? கண்ணைத் துடைச்சுட்டு எழுது. குரூப்ல பேர் வரக் கூடாது. எண்ணு மட்டும்.

— "மதிப்புக்குரிய சகாக்களுக்கு. புது லிங்க் வந்திருக்கிறது. முதல் கேள்விக்கு இரண்டு. இரண்டாவதுக்கு ஒன்று. மூன்றாவதில் இருபத்துமூன்றாவது வரி. படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நாலு மணிக்குள் முடித்துவிட்டு 'முடிந்தது' என்று எழுதவும்." போதுமா?

— கீழ ஒரு ரோஜாப்பூ படம் போடு. மரியாதையா இருக்கும்.

— போட்டேன். அனுப்பிட்டேன்.

— அடுப்புல ரெண்டு நிலக்கரி போட்டுட்டு வந்து உக்காரு. பதில் வருதா?

— வருது. "முடிந்தது." "முடிந்தது." சோனுன் எஜே ரெண்டு தடவை எழுதியிருக்காங்க. பதினாலு பேர் ஆச்சு.

— ஒருத்தராவது இருபத்துமூணு யாருன்னு கேட்டாங்களா?

— இல்லை. முப்பத்தெட்டு. நாப்பத்தஞ்சு.

— என்ன ஸ்கூல்! என்ன ஒழுங்கு! நீயும் போட்டுடு.

— போட்டுட்டேன்.

— இப்ப எத்தனை?

— அறுபத்தொண்ணு.

— அறுபதுதானே இருக்கணும்? நான் இன்னும் போடலையே. பூருலைக் கழிச்சு, என்னைக் கழிச்சா அறுபது.

— அகாய்... அவங்களை குரூப்லேர்ந்து எடுக்க மறந்துட்டேன்.

— அடிப்பாவி! அவ படிப்பாளே! பட்டியல்ல தன் பேரைப் பாத்துட்டு நேரா ஆபீஸுக்கு ஓடுவாளே! என்ன எழுதியிருக்கா? சொல்லு, என்ன எழுதியிருக்கா?

— எழுதலை. பேசி அனுப்பியிருக்காங்க. எல்லாருக்கும் முன்னாடி, முதல் ஆளா வந்திருக்கு. நான்தான் கவனிக்கலை.

— போடு. சத்தமா வை.

— "அகாய், பூருல் பேசறேன். புது லிங்க் வந்துச்சு. நீங்க சொன்ன எண்ணையெல்லாம் அப்படியே அழுத்திட்டேன். இந்தத் தடவை ஒரு எழுத்துகூடப் படிக்கலை, கண்ணை மூடிக்கிட்டேன், பிள்ளைங்க மேல சத்தியம். இனிமே எப்பவும் இப்படித்தான் அகாய். இங்க பசங்க மெத்தையெல்லாம் மூட்டை கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அவுக்கச் சொல்லட்டுமா?"